வம்பு

சொற்கள் என்றும் ஒரே பொருளில் நிற்பன அல்ல. காலம் மாறுந்தோறும் அவற்றின் பொருள் விரியும், சுருங்கும், சில வேளைகளில் வேறாகியும் போகும். வம்பு என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

வேண்டாத தொல்லையை இக்காலத்தார் வம்பு என்பர். வேலையின்றித் திண்ணையில் கூடிப் பிறர் செய்தி பேசுதல் வம்பளத்தல். சாமையை அளந்தால் குதிர் நிறையும். வம்பை அளந்தால் பகையே மிஞ்சும். தன் வழியே செல்வானைச் சண்டைக்கு அழைத்தல் வம்புக்கு இழுத்தல். தானே சென்று துன்பத்தைத் தேடிக்கொள்ளுதல் வம்பை விலைக்கு வாங்குதல். இவை யாவற்றிலும் தேவையின்மை என்னும் கருத்து அடங்கியுள்ளது.

பண்டைக் காலத்தில் இச்சொல்லுக்கு இத்துணை இழிவு இல்லை. தொல்காப்பியர் உரியியலில் இதற்கு நிலையில்லாமை என்று பொருள் கூறினார். புதுமை, மணம் என்னும் பொருள்களும் இதற்கு உண்டு. வழிச்செல்லும் புதியவர் வம்பலர் எனப்பட்டனர். புதியராய் வந்த மோரியர் வம்ப மோரியர் எனப்பட்டனர். பருவமல்லாத பருவத்தில் பெய்யும் மழை வம்பமாரி எனப்பட்டது. அம்மழையைக் கார்காலத்து மழை என்று மயங்கிக் கொன்றை பூத்துவிட்டதாகக் குறுந்தொகையின் 66ஆம் பாட்டில் தோழி கூறித் தலைவியைத் தேற்றுகின்றாள்.

வம்பமாரியின் இயல்பைத் தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில் இன்றும் உணரலாம். சாமையும் கேழ்வரகும் விளையும் அம்மலையில் காப்பியும் மிளகும் பயிராகின்றன. கோடையின் தொடக்கத்தில் பெய்யும் மழையைப் பெற்றே காப்பிச் செடி ஒருங்கே பூக்கும். பழம் பறிக்கும் நாளிலேயே மழை வந்துவிட்டால், அரும்புகள் காலமல்லாக் காலத்தில் மலரும். களத்தில் உலரும் பழமும் நனைந்து கெடும். வேண்டியபொழுது பெய்தால் மழை அமுதம். வேண்டாதபொழுது பெய்தால் அதுவே தொல்லை. நிலையின்மையைக் குறித்த சொல் வேண்டாத தொல்லையைக் குறிக்க வந்த வழி இதுவே எனக் கருதுதல் பொருந்தும்.

ஆயின், இக்காலத்தில் இச்சொல்லுக்குப் பெருந்தீங்கு ஒன்று நேர்ந்துள்ளது. எளியவன் ஒருவன் அடிபடுகின்றான், காண்பவர் "நமக்கேன் வம்பு?" என்று விலகுகின்றனர். பள்ளியில் பயில வேண்டிய சிறுமிக்கு மணம் பேசுகின்றனர், அறிந்தவர் "நமக்கேன் வம்பு?" என்று வாய்மூடுகின்றனர். வம்பு என்பது தேவையற்றது. பிறர் துயர் துடைத்தல் தேவையற்றதாகுமா? கடமைக்கு வம்பு என்று பெயரிடுதல், காரைக் கண்டு வம்பமாரி என்று கூறிப் பூக்க மறுக்கும் கொன்றையின் பேதைமையை ஒக்கும்.

அதே மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது வாச்சாத்தி. 1992ஆம் ஆண்டு சூன் திங்களில் அவ்வூர் மலைவாழ் மக்களுக்கு அரசு அலுவலர் பலர் பெருங்கொடுமை இழைத்தனர். அம்மக்கள் வம்பு என்று அஞ்சி ஒடுங்கவில்லை. அவர்க்குத் துணைநின்றோரும் ஒதுங்கவில்லை. வழக்குப் பல்லாண்டு நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேருள் 54 பேர் இடையே இறந்தனர். எஞ்சிய 215 பேரும் 2011ஆம் ஆண்டில் தண்டனை பெற்றனர். 2023ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. "நமக்கேன் வம்பு?" என்று அன்று அனைவரும் இருந்திருப்பின், அந்நீதி கிடைத்திராது.

ஆதலின் மாணவர்கள் வம்பு இன்னது, கடமை இன்னது எனப் பகுத்தறிதல் வேண்டும். வம்பளப்பதையும் வம்புக்கு இழுப்பதையும் அறவே விடுக. பிறர்க்கு இடர் வந்துற்ற இடத்து, அச்சொல்லைச் சொல்லி ஒளிந்துகொள்ளாதிருக்க. சொல்லை அதற்குரிய பொருளில் ஆளுதல் மொழிக்கு மட்டுமன்று, ஒழுக்கத்திற்கும் உரிய கடமையாகும்.