உரநீரின் குளிர்ச்சியை நம்பலாகாது

சென்ற சம்பாப் பருவத்தில், வாலாஜாபாத்தை அடுத்த ஒரு கிராமத்திற்கு, நெற்பயிரின் இலைமீது உரநீர் தெளிக்கும் முறையைச் செய்துகாட்டச் சென்றிருந்தேன். 10 லிட்டர் ஜலத்தில் யூரியா 1 கிலோவும் பொட்டாஷ் 1 கிலோவும் கரைத்த தொட்டியில் நிலக்காரர் ஒருவர் கையிட்டு, "ஐயா, பானைத் தண்ணீர்போல் சில்லென்றிருக்கிறதே! இத்தனை குளிர்ச்சியான உரம் பயிரைச் சுடுமா? கூடப் போட்டால் என்ன?" என்று வினவினார். தடுத்துச் சொல்லியும், நான் திரும்பிய பின் மும்மடங்கு கரைத்துத் தெளித்துவிட்டார். சில தினங்களில் இலை நுனிகள் கருகின.

இக்குளிர்ச்சி உரத்தின் குணமன்று. பொட்டாஷ் உப்பில் எதிரெதிர் மின்னேற்றமுடைய அணுக்கள் இறுகப் பிணைந்துள்ளன. அவற்றைப் பிரிப்பது செலவு; பிரிந்தவற்றை ஜலம் சூழ்ந்துகொள்கையில் வெளிப்படும் உஷ்ணம் வரவு. வரவினும் செலவு மிகுந்தால், குறைவதை ஜலத்தின் உஷ்ணத்திலிருந்தே எடுக்க நேரிடுகிறது. யூரியா இத்தகைய உப்பன்றாயினும் அதன் கணக்கும் இவ்வாறே. மேற்சொன்ன அளவில் ஜலம் ஏறக்குறைய 10 டிகிரி குளிர்ந்துவிடும். குளிர்ந்த ஜலத்தில் உரம் மெதுவாகவே கரையுமாதலால், மார்கழி விடியலில் அவசரப்படுவோரின் தெளிப்பான் துவாரங்கள் அடைபடுகின்றன.

சுட்ட சுண்ணாம்பின் செய்கை இதற்கு நேர்மாறு. அது ஜலத்தோடு ரசாயன முறையில் கூடிக் கொதிக்கிறது. ஆயினும், ஆறவைத்து மயில்துத்தக் கரைசலுடன் முறைப்படி சேர்த்தால், பயிரைக் காக்கும் போர்டோக் கலவையாகிறது. ஆகவே, தொட்டியில் கண்ட சூடோ குளிர்ச்சியோ பயிருக்கு அளவுகோலாகாது. இலையைக் கருக்குவது உப்பின் மிகுதியே. அடர்ந்த கரைசல் இலையினுள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுகிறது.

நெல்லுக்குரிய அளவு, 100 லிட்டர் ஜலத்திற்கு யூரியா 1 கிலோ, டி.ஏ.பி. 2 கிலோ, பொட்டாஷ் 1 கிலோ. டி.ஏ.பி.யை முதல்நாள் மாலையே ஊறவைத்துத் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்க. ஏனையவற்றைத் தனித்தொட்டியில் முற்றக் கரைத்து, வடிகட்டிய பின்னரே தெளிப்பானில் ஊற்றுக. கதிர் உருவாகும் தருணத்தில் ஒருமுறையும், 10 நாள் கழித்து மறுமுறையும் தெளித்தல் போதும்.

கையை நம்பி அளப்பதைக் கைவிட வேண்டுமென்பதே என் கருத்து. கிராமந்தோறும் ஒரு தராசும் ஒரு கரைதொட்டியும் பொதுவில் இருக்குமாறு கிராம அதிகாரிகள் முயல்வார்களாயின், அச்சிறு செலவு ஒரு வயலின் கருகலைத் தடுத்தாலே ஈடாகிவிடும்.