நன்றி எந்தக் கணக்கில்?

வீட்டு உத்தரவுப்படி இறால் வாங்கத்தான் பழவேற்காடு போனேன். ஞாயிற்றுக்கிழமை. மகிமை மாதா கோயில் வாசலில் கையில் ஒரு கவரைத் திணித்தார்கள்: 'குருமாணவர்களுக்கு நன்றிக் காணிக்கை.'

நமக்கோ பி.காம். புத்தி! சாமியாராக தத்துவமும் இறையியலும் மட்டுமே குறைந்தது 6 வருஷம் படிக்கணும். அதுவரை சோறு யார் போடுவது? பணமில்லாமல் பையன்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று நாகசாகி ஆயர் எழுதிய கடிதத்தைப் பார்த்துத்தான், 1889-ல் பிரான்சில் ழான் பிகார் என்ற பெண்ணும் அவர் அம்மாவும் வசூலில் இறங்கினார்கள். அந்த வசூல் இன்றும் உலகம் பூரா நடக்கிறது.

சரி, இங்கே? ஏரியில் நினைத்த நாளில் வலை போட முடியாது. முறை வைத்துப் 'பாடு'. முறை இல்லாத நாளில் அடுப்புக்கும் லீவு!

முன்னால் ஒரு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய 50 ரூபாயைக் கவரில் போட்டார்.

"பாடு நல்லாருந்துதாம்மா?"

"எங்க முறை இன்னும் வரல தம்பி."

"அப்ப நன்றி எதுக்கு?"

ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து அடிச்ச காத்துல கடலுக்குப் போன எம் புள்ள கரைக்கு வந்துட்டான். போதாதா? அங்க படிக்கிறதும் எவளோ பெத்த புள்ளதானே... பசிக்கும்ல?"

இறால் பணம் கவருக்குள் போய்விட்டது. வீட்டில் இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.