கடைமடையும் பொதுப்பணப் பங்கீடும்

காவிரி நாட்டிற் பிறந்தார்க்குத் தலைமடை, கடைமடை என்னும் இரு சொற்களின் பொருளை விரித்துரைத்தல் வேண்டா. ஒரே ஆற்றில் ஒரே நாளில் திறந்துவிடப்பட்ட நீர் தலைமடையான் வயலில் வரப்பை முட்டி நிற்கும். கடைமடையானோ மண்வெட்டியைத் தோளிற் சார்த்திக்கொண்டு வாய்க்காலையும் வானத்தையும் மாறி மாறி நோக்கி நிற்பான். இருவரும் ஓரரசின் குடிகளே. இருவரும் தீர்வை செலுத்துவோரே. எனினும் ஒருவனுக்கு உரியது உரிய காலத்தில் வருகின்றது. மற்றொருவனுக்கு மிஞ்சியது வருகின்றது. நீருக்கு உள்ள இந்நிலை அரசாங்கப் பணத்திற்கும் உண்டென்பதே இக்கட்டுரையில் யாம் கூறப் புகுந்தது.

எம் ஊர் வேதாரணியம். திருமறைக்காடு என்பது அதன் பழம்பெயர். அங்கே அடைத்துக் கிடந்த கோயிற் கதவைத் திறக்க நாவுக்கரசரும், அடைக்கச் சம்பந்தரும் பாடினர் என்பது பெரியபுராண வரலாறு. கதவு திறத்தற்கு நாவுக்கரசர் பல பாடல்கள் பாட வேண்டியதாயிற்று. அடைத்தற்கோ சம்பந்தருக்கு ஒன்றே போந்தது. அரசாங்கக் கருவூலத்தின் கதவுக்கும் இவ்வியல்பு உண்டுபோலும் என்று எம் ஊர் முதியோர் நகையாடுவதுண்டு. நகையாயினும் அதனுள் ஒரு துயரம் உறைகின்றது.

காவிரியின் கிளையாகிய வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைக்கோடியில், கடலுக்கும் உவர்நிலத்திற்கும் இடையே கிடப்பது வேதாரணியம் வட்டம். 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அவ்வணையின் நீர் தஞ்சை, மன்னார்குடிப் பக்கங்களைக் கடந்து எம்மிடம் வந்து சேரும்போது இளைத்துப்போகின்றது. நிலத்தடி நீரோ பலவிடங்களில் உப்பு. ஆதலின் குடிநீரும் தொலைவிலுள்ள கொள்ளிடத்திலிருந்து குழாய் வழியே வருகின்றது. எங்கோ ஓரிடத்திற் குழாய் உடைந்தால் எம் தெருப் பெண்டிர் குடங்களுடன் காத்திருத்தல் வேண்டும். ஆகவே, பொதுப்பணம் எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பது எமக்கு நூலறிவு மாத்திரம் அன்று. நாள்தோறும் அடுக்களையில் எழும் வினா.

இனி, பழைய வரலாறு ஒன்றை நோக்குவாம். தஞ்சை ஜில்லா போர்டார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலவரியோடு ஒரு சிறு மேல்வரி விதித்துப் பணந்திரட்டினர். அப்பணத்தைக் கொண்டு மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை இருப்புப்பாதை அமைத்தனர். 1894-ஆம் ஆண்டில் அப்பாதை திறக்கப்பட்டது. வண்டி ஓட்டியது தென்னிந்திய ரெயில்வே கம்பெனி. உடைமையோ ஜில்லா போர்டினுடையது. அந்நியர் ஆட்சியில், அதிகாரம் மிகக் குறைந்த ஓர் உள்நாட்டுச் சபை, தன் குடிகளின் பணத்தைத் தன் நாட்டிலேயே செலவிட்டுத் தனக்கென ஓர் இருப்புப்பாதை பெற்றது என்பது சிந்திக்கற்பாலது.

அதனோடு பிற்கால நிகழ்ச்சி ஒன்றை ஒப்பிடுக. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியம் வழியாக அகத்தியம்பள்ளி செல்லும் கிளைப்பாதை மீட்டர் பாதையாக இருந்தது. அகலப்பாதையாக மாற்றுதற்பொருட்டு 2004-ஆம் ஆண்டளவில் அதில் வண்டிகள் நின்றன. மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியது 2023 ஏப்ரலில். பாதையின் நீளம் ஏறத்தாழ 37 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 294 கோடி ரூபாய். ஏறத்தாழ இருபதாண்டுக்காலம் ஒரு வட்டத்தின் மக்கள் ரெயிலின்றி இருந்தனர். யாம் பிறந்து, எழுத்தறிந்து, உயர்நிலைப்பள்ளி செல்லும் வரையில் எம் ஊர் நிலையத்தில் வண்டியின் ஊதொலி கேட்டதில்லை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஒதுக்கிய பணத்தால் வேலையும் சிறிது சிறிதாகவே நடந்தது. பணம் வாராமற் போனது என்று யாம் கூறவில்லை. பிந்தி வந்தது என்கின்றோம். கருகிய பின் வரும் நீரால் பயிருக்கு யாது பயன்?

இவ்விடத்தில் ஒன்று நினைவுகூர வேண்டும். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட தொண்டர், அம்மாதம் 30-ஆம் நாள் அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்துச் சட்டத்தை மீறினர். அவர்கட்கு எம் ஊர்ச் சர்தார் வேதரத்தினம் பிள்ளை செய்த உதவியை நாடறியும். அவ்வுப்புப் போராட்டத்தின் உட்கிடை யாது? மக்கள் உழைப்பிலிருந்து எடுக்கும் வரிக்கு மக்கள் முன் விடை கூறக் கடமைப்பட்டது அரசு என்பதே. வரி கொள்வோரை வினவும் உரிமையை நாட்டிற்கு உணர்த்திய மண், வரிப்பணத்தின் பங்கீட்டை வினவாமல் இருத்தல் தகுமோ?

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிற்று. யாம் அப்பொழுது சிறு பிராயத்தேம். விடிந்தபின் வெளியே வந்து பார்க்கையில், தெருவில் நின்ற தென்னைகளுள் நிமிர்ந்து நின்றவற்றை எண்ணுவது எளிதாயிருந்தது. வீழ்ந்தவற்றை எண்ண முடியவில்லை. தென்னை என்பது எம் பக்கத்தில் மரம் மாத்திரம் அன்று. மகள் திருமணமும் மகன் படிப்பும் அதுவே. அப்புயலின் இழப்பிற்கும் மீட்சிக்குமாக மாநில அரசு ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் மத்திய அரசினை வேண்டிற்று. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதல் பெற்றது 1,146.12 கோடி. அந்நிதியின் விதிகள் உடனடித் துயர் தீர்த்தலையே கருதியவை. இழந்த அனைத்தையும் ஈடுசெய்ய ஏற்பட்டவை அல்ல. இதனை யாம் அறிவோம். ஆயின், விதி அவ்வாறாயின், வீழ்ந்த தோப்பை மீட்டும் வளர்க்கும் பணத்திற்கு வேறு வழி வகுத்திருத்தல் வேண்டுமன்றோ? பத்துக் கலம் கேட்டவனுக்கு ஒரு கலமும் கொடாது அனுப்பி, அதுவே முறை என்றால், குறை கேட்டவனிடமோ முறையிடமோ?

பங்கீட்டின் முறையையும் சிறிது ஆராய்வாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் நிதிக்குழு, மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கை வரையறுக்கின்றது. பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகட்கு, பகிர்தற்குரிய வரித்தொகையில் 41 விழுக்காட்டை மாநிலங்கட்கு அளித்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. பதின்மூன்றாம் நிதிக்குழுவின் காலத்தில் அப்பங்கு 4.969 விழுக்காடாயிருந்தது. பங்கிடும் அளவுகோல்களுள் பெரும்பகுதி, மாநிலத்தின் சராசரி வருவாயைப் பொறுத்தது. வருவாய் மிக்க மாநிலத்திற்குப் பங்கு குறையும். வறிய மாநிலங்கட்கு மிகுதியாக ஈதலை யாம் குறைகூறோம், அஃது அறமே. ஆயின் சராசரி என்பது சென்னையின் ஆலைகளையும் வேதாரணியத்தின் உப்பளத்தையும் ஒரே மரக்காலில் அளந்து காட்டும் கணக்கு. தலைமடையின் விளைச்சலைக் கண்டு வாய்க்கால் முழுதும் செழித்ததென்று எழுதிவிட்டால் கடைமடையான் எவரிடம் சென்று முறையிடுவான்? ஆதலின் மாநிலத்திற்குள் நடக்கும் பங்கீடே எம்மனோர்க்கு மிகவும் வேண்டப்படுவது.

அதற்கு வழியும் இல்லாமலில்லை. 1992-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தங்களும், அவற்றின் வழி வந்த 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் உள்ளாட்சிகட்கு உயிர் தந்தன. மாநில நிதிக்குழு ஒன்றும் ஐந்தாண்டுக்கொரு முறை அமைதல் வேண்டும். எனினும் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்த பின் எம் பக்கத்து ஊராட்சிகட்குத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில்தான். தேர்ந்தெடுத்த சபை இல்லாமையால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. கஜா புயல் வீசியது அவ்விடைக்காலத்திலேயே என்பதை ஓர்க. ஊருக்கு மிகுதியாகப் பணம் வேண்டிய நாளில், பணத்தைப் பெறுதற்குரிய சபை ஊரில் இல்லை. 2025 ஜனவரியிலும் அச்சபைகளின் காலம் முடிந்து பொறுப்பு தனி அலுவலர்பாற் சென்றது. மதகைச் செப்பமிடாமல் நீரைக் குறைகூறல் ஆகாது.

இதற்கு மறுப்பாகச் சிலர் கூறுவதுண்டு: சிற்றூர்ச் சபைகள் கையிற் பணந்தந்தால் அது களவு போகும், ஆதலின் மேலிருப்போரே செலவிடுதல் நன்று என்பர். களவு உண்டென்பதை மறுக்கமாட்டோம். ஆயின் மேலிடத்திற் களவு இல்லையென்று எவரும் துணிந்து கூறார். களவைத் தடுப்பது தொலைவன்று, கணக்கு. உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதற் பராந்தகன் காலத்திலேயே குடவோலை வழியே வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த முறையைக் கூறுகின்றது. கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் வாரியத்திற்கு வரலாகாதென்பது அதன் விதிகளுள் ஒன்று. ஆயிரம் ஆண்டுக்கு முன் எம் முன்னோர் கண்ட தீர்வு, சபையை ஒழித்தலன்று, கணக்கைத் திறத்தல். பொருளைச் சேர்ப்பதோடு நில்லாது, சேர்த்ததைத் துறைதோறும் தக்கவாறு பிரித்தளித்தலும் வேந்தன் கடனென்று திருக்குறளின் இறைமாட்சி அதிகாரமும் வைத்துள்ளது.

ஈண்டு எம் குறை ஒன்றையும் மறையாது கூறுவோம். ஒரு விடுமுறையில் எம் ஊரையடுத்த சிற்றூரொன்றின் கிராம சபைக்குச் சென்றிருந்தோம். வரவு செலவு விரைவாக வாசிக்கப்பட்டது. உப்பளத்தில் வேலை செய்யும் மூதாட்டி ஒருவர் எழுந்து, “ஐயா, இவ்வளவு தொகை படித்தீர்களே, இதிலே எங்கள் தெருக் குழாய் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். “வரும் அம்மா, உட்காருங்கள்” என்றனர், உட்கார்ந்துவிட்டார். அக்கணக்குத் தாளின் படி எம் கையில் இருந்தது. எழுத்தறிந்த யாம் அதனை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம். எழுந்து அதே வினாவை மீட்டும் கேட்டிருக்கலாம். நாணத்தால் வாளா இருந்தோம். ஐங்குறுநூற்றுக்கு உரை காண வல்ல யாம், ஐந்து வரிக் கணக்கிற்குப் பொருள் கூறத் துணியாதது எமக்கு இன்றும் உறுத்துகின்றது.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, மாநிலம் ஊர்கட்குப் பணம் பங்கிடுங்கால் மக்கள்தொகையை மாத்திரம் எண்ணாது, கடைமடை, உவர்நீர், புயற்கரை என்னும் இவற்றையும் அளவுகோலிற் சேர்த்தல் வேண்டும். இரண்டாவது, புதிய கட்டடத்திற்குக் கல் நாட்டுதற்குள்ள ஆர்வம், கட்டியதைக் காக்கும் பணத்திலும் வேண்டும். 2016-ஆம் ஆண்டில் ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடன் தர இசைந்தது. வெண்ணாற்றுப் பகுதியின் ஆறுகளையும் வேதாரணியம் கால்வாயையும் சீர்ப்படுத்துவது அதன் நோக்கம். நற்பணியே. ஆயின் தூர்ந்த வாய்க்காலை ஆண்டுதோறும் தூர்வாரச் சிறு தொகை நிலையாக இல்லையேல், கடன் நிற்கும், வாய்க்கால் நில்லாது. மூன்றாவது, உள்ளாட்சித் தேர்தல் உரிய நாளில் நடந்தே தீர வேண்டும்.

இவை அரசினர் செய்யற்பாலன. மாணவராகிய நாம் செய்யற்பாலதும் ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் ஆண்டிற்கு ஆறு நாள் கிராம சபை கூடுகின்றது. அவற்றுள் ஒன்றிற்கேனும் நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊருக்குச் சென்று, கணக்குத் தாளைக் கேட்டு வாங்கி, வாசிக்க அறியாதார்க்கு வாசித்துக் காட்டுவாராக. காணிக்கைத் தட்டில் இடுவது அவரவர் மனத்தளவு. அதனை எவரும் கேட்டு வாங்குதல் ஆகாது. பொதுப்பணமோ அவ்வாறன்று. அது குடிகளின் உடைமை, கேட்டு வாங்குதற்குரியது. அம்மூதாட்டியின் வினா இன்னும் விடை பெறவில்லை. வரும் விடுமுறையில் அச்சபைக்கு மீண்டும் செல்லத் துணிந்துள்ளோம். இம்முறை வாளா இரோம்.