முதல் வேலைக்கு முன்அனுபவம் எங்கே?

பட்டம் பெற்ற நம் பிள்ளைகளை நேர்காணலில் முதலில் தடுத்து நிறுத்துவது, "முன்அனுபவம் உண்டா?" என்னும் கேள்வியே. அதற்கு அஞ்சிப் போலி அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொடுக்கத் துணியும் பெற்றோரையும் நாம் காண்கிறோம். அது பொய்ச் சாட்சியம். அதன்மீது கட்டப்படும் சம்பாத்தியத்தில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

எகிப்திலிருந்து தப்பி மத்யன் வந்த நபி மூஸா (அலை) அவர்களிடம் யாருடைய பரிந்துரையும் இல்லை. நீர்த்துறையில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குக் கூலி கேளாமல் நீர் புகட்டினார்கள். அவர்கள் வலிமையும் நம்பகமும் உடையவர் என அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் கூறியதே வேலைக்கு வழியானது. அல்கஸஸ் அத்தியாயம் கற்பிக்கும் பாடம் இது.

நேர்வழி இன்றும் உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சியும் அரசுச் சான்றிதழும் பெறலாம். பொறியியல் மட்டுமன்றி, கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளுக்கும் இதில் இடமுண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் இவ்வாறு பழகுநர்களைச் சேர்க்கின்றன.

அறந்தாங்கி முதல் கோட்டைப்பட்டினம் வரை கடையும் நிறுவனமும் நடத்தும் நம் சகோதரர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. ஆண்டுக்கு ஒரு புதிய பட்டதாரியையேனும் சேர்த்து, கணக்கும் கொள்முதலும் கற்பித்து, உரிய ஊதியமும் உண்மையான சான்றிதழும் வழங்குங்கள். அனுபவம் இல்லை என்று எல்லோரும் திருப்பியனுப்பினால், அப்பிள்ளை அதை எங்கே பெறுவான்?

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான வாழ்வாதாரத்தை அருள்வானாக!