சத்தம் வேற, ஸ்பீடு வேற

ஐ20 என் லைன். நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டை ஃபேக்டரியில் உருவாகி 2021-ல் வந்த கார். 1.0 லிட்டர் டர்போ, 120 பிஎஸ். வாங்கினவங்க, வாங்க ஆசைப்படுறவங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: “எந்த எக்ஸாஸ்ட் போடலாம்?”

என் கருத்து, ஸ்டாக்கே போதும். மாற்றியே ஆகணும்னா கேட்-பேக் மட்டும், அதுவும் மஃப்ளரோட. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாடி இருக்கிற பைப்பும் சைலன்சரும்தான் அதில் மாறும். பவர் கூடுமா? ட்யூனிங் இல்லாம பெரிசா கூடாது. கூடுறது சத்தம்தான். கன்வெர்ட்டரையே கழட்டினா செக் என்ஜின் லைட் எரியும், பிஎஸ்6 விதியும் காலி.

சட்டமும் சும்மா விடாது. சத்தம், புகை வரம்பை மீறினா 2019 திருத்தப்படி 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா மூணு மாசம் வரை சிறை, ரெண்டும்கூட வரலாம். மூணு மாசத்துக்கு லைசென்ஸும் போகும்.

அதைவிட முக்கியமான விஷயம், நம்ம ஏனாத்தூரில் மீனாட்சி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு. 10 டெசிபெல் கூடினாலே ஒலியின் வலு 10 மடங்கு. ராத்திரி பதினோரு மணிக்கு நாம ஆக்சிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்தினா, வார்டில் படுத்திருக்கிறவருக்கு எப்படி இருக்கும்?

அந்தக் காசுக்கு நல்ல டயரும் பிரேக் பேடும் போடுங்க ப்ரோ. வித்தியாசம் ஓட்டுற உங்களுக்குத் தெரிஞ்சா போதும், ஊருக்கே தெரிய வேணாம்.