எரிந்த ஏடுகளும் எரியாத உறுதியும்



மக்கபேயர் இரண்டாம் நூலின் இரண்டாம் அதிகாரத்தில், பலரும் கவனியாமல் கடந்துவிடும் செய்தியொன்று உண்டு. போரினால் சிதறிப்போன நூல்களையெல்லாம் யூதா மக்கபே மீண்டும் ஒன்றுசேர்த்தான் என்பதே அது. அந்நியப் படையினர் திருச்சட்ட ஏடுகளைக் கிழித்து எரித்தனர் என்று முதல் நூல் கூறுகிறது. ஓர் இனத்தை அடக்க நினைப்போர் அதன் ஏடுகளின்மேல் கைவைப்பது அன்றுதொட்டு வரும் வழக்கம்.

நம் மொழியினரும் இக்கொடுமையைக் கண்டனர். 1933-இல் கே. எம். செல்லப்பா என்பார் தம் இல்லத்தில் தொடங்கிய வாசிப்புப் பணியே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வித்து. மறு ஆண்டில், வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பெரிய கட்டடம் எழ, புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் அரும்பாடுபட்டார். நூலக மேதை எஸ். ஆர். அரங்கநாதன் ஆலோசனை நல்கினார். 1959-இல் அழகிய மாளிகை திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் அது தீக்கிரையாயிற்று. சுமார் 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தார். மொழிக்காக வாழ்ந்த குருவின் இதயம் மொழியோடு சேர்ந்து வெந்தது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. அந்நூலகம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் எழுந்தது. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில் தன்னார்வலர்கள் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் பதிவு செய்து வருகின்றனர்.

உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்திருந்த வில்னா நகரிலும் இத்தகைய உறுதி விளங்கியது. நூல்களைத் தரம்பிரிக்க ஏவப்பட்ட யூத அறிஞர்கள், அரிய ஏடுகளை ஆடைக்குள் மறைத்துக் கடத்தினர். அகப்பட்டால் சாவு. அவர்களுள் பலர் போரின் முடிவைக் காணவில்லை. அவர்கள் காத்த ஏடுகள் கண்டன. பின்பு சோவியத் ஆட்சி அவற்றையும் அழிக்க முற்பட்டபோது, அந்தானாஸ் உல்பிஸ் என்ற நூலகர் மூடப்பட்ட கத்தோலிக்க ஆலயமொன்றில் அவற்றை ஒளித்துவைத்தார். பூசை நின்றுபோன ஆலயம், அயலார் ஏடுகளுக்கு அடைக்கலமாயிற்று!

நம் ஊர்களில் ஏடுகளை அழிக்கப் படை வரவேண்டியதில்லை. கறையானும் பழைய காகிதக் கடையும் போதும். பாட்டனார் கைப்பட எழுதிய செபங்கள், பங்கில் நடித்த பாஸ்கு நாடக ஏடுகள் இவையெல்லாம் இன்று எங்கே?

திருவண்ணாமலை மாவட்டத்து முகாம்களில் ஈழத்து உடன்பிறப்புகள் வாழ்கின்றனர். நூலை இழப்பது என்னவென்று அவர்களுள் முதியோரைக் கேளுங்கள், சொல்வார்கள். இம்மாதம் குடும்பத்திற்கு ஒரு நல்ல நூலென்று சேர்த்து, அங்குள்ள சிறார்க்கு அளிப்போம். வீட்டுப் பரணிலுள்ள பழைய ஏட்டைத் தூசி தட்டி, பிள்ளைகள் கேட்க உரக்கப் படிப்போம். யூதா மக்கபே செய்த பணியில் நமக்கும் ஒரு பங்கு கிட்டட்டும்.