கைப்பேசியில் ஒரு காவல்காரர்

எங்கள் அடுத்த வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. "மாமா துப்பாக்கி வைத்திருப்பாரா, அப்பா?" என்று என் பெண் கேட்டாள். அந்தப் பாதுகாப்பு வேறு; இது வேறு. இயந்திரத்தில் விரல் சிக்காமல், உயரத்திலிருந்து ஆள் விழாமல், புகை நெஞ்சில் ஏறாமல் பார்த்துக் கொள்ளும் உத்தியோகம். ஒன்றும் நடக்காமல் இருந்தால்தான் அவர் ஒழுங்காக வேலை பார்த்தார் என்று அர்த்தம்!

மனிதர் எப்போதும் கைப்பேசியும் கையுமாக இருப்பார். "ஊர் வம்பு பார்க்கிறார்" என்று அவர் மனைவி குறைப்பட்டுக் கொள்வார். உண்மையில் வாட்ஸ்அப்பில் தொழிலாளர்களுக்குத் தினம் ஒரு சேதி அனுப்புகிறார். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்ட பிறகே இயந்திரத்துக்குள் கை விடுங்கள். தொட்டிக்குள் இறங்குமுன் காற்றைச் சோதித்துப் பாருங்கள். இப்படி இரண்டே வரி.

சேதி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்? 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் விஷவாயு கசிந்தபோது, ஈரத் துணியால் முகத்தை மூடிக் கொள்ளலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. மூச்சிரைக்க ஓடினார்கள், ஓட ஓட விஷம்தான் அதிகமாக உள்ளே போயிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் பிறகே, 1987-இல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயங்களைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்று எழுதினார்கள்.

ஆனால், சேதி அவசரமாகப் போவதிலும் ஆபத்து உண்டு. ஒரு நாள் கன்வேயர் பட்டையில் ஒரு தொழிலாளியின் கை சிக்கிவிட்டது. மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டுமென்று நம்மவர் படம் எடுத்து அனுப்பிவிட்டார். அது கைமாறிக் கைமாறி, கால் மணி நேரத்தில் காயம்பட்டவரின் மனைவியிடமே வந்துவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போகுமுன்! அடுப்படியில் நின்றவள், சட்டையை வைத்துத்தான் புருஷனை அடையாளம் கண்டாளாம்.

"கை பிழைத்துவிட்டது ஸார். ஆனால் அந்த அம்மாள் முகத்தில் விழிக்க இன்னும் எனக்குத் துணிவில்லை" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு மூன்று விதிகள். முதல் தகவல் குடும்பத்துக்கு, அதுவும் நேரில். படத்தில் இயந்திரம் இருக்கலாம், மனிதர் கூடாது. காரணம் தெரியுமுன் யார் தவறென்று எழுதக் கூடாது.

உங்கள் கைப்பேசிக்கும் இப்படி ஒரு படம் வரக்கூடும். அதைத் தள்ளிவிடுமுன் ஒரு கணம் யோசியுங்கள், அம்மணி: இது யார் வீட்டு அடுப்படியில் போய் நிற்கும்?